பட்டினமும் சூழலும்

பிரதேச செயலகத்தில் என் வேலை
கணினித் தாளில் கட்டங்களை நிரப்புவது.
இந்த வாரத் தலைப்பு:
இருபத்தைந்து வயதுக்கு மேல், பட்டம் பெற்றோர்,
பிரிவு வாரியாக.
பட்டினமும் சூழலும் முதல் வரி.
கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று இறங்கி
எங்கோ கீழே வெருகல்.
அதற்கு நேரே தட்டிய எண்ணைச் சொல்லமாட்டேன்.
தட்டிவிட்டு, என் பிழையோ என்று
மூலப் படிவத்தை இரண்டு முறை பார்த்தேன்.
பிழையில்லை.

மூதூர் வரியில் நானும் இருக்கிறேன்,
கழித்தது போக மிஞ்சிய பக்கம்.
நுஸ்கியா, முப்பத்தெட்டு.
கல்வித் தகைமை: உயர்தரம்,
அதன் பின்னால் ஒரு சிறு கோடு.

அனுமதி அட்டையை உடுப்புக்குள் வைத்து
கந்தளாய் வரை நடந்த ஆகஸ்ட் ஒன்று இருந்தது.
வியர்வையில் சுட்டெண் ஊறி
ஏழு ஒன்றாகிவிட்டது.
அடுத்த முறை எழுதினேன்.
வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே.
பிறகு நிக்காஹ், பிறகு இரண்டு பிள்ளைகள்,
பிறகு இந்தக் கதிரை.

இப்போது சனிக்கிழமைகளில் ஐந்தரை பஸ்.
இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா,
நான்கு பாலமும் தாண்டும்வரை
மடியில் புள்ளிவிபரவியல்.
முன்பு இங்கெல்லாம் பாதைக்குக் காத்து நின்றோம்.
'பாதை பழுதாகி நின்றுவிட்டது' என்று
ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்ல,
வெளியூர் விரிவுரையாளர் கேட்டார்,
பாதை எப்படி நிற்கும்?
எங்கட பக்கம் பாதை மிதக்கும், ஸேர்.

மேல்மாடி வகுப்பு. மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும்.
அதன் கீழே இடம் பிடிக்க
ஈச்சிலம்பற்றுப் புவிராஜன் நாலு மணிக்கே புறப்படுவான்.
மற்ற நாட்களில் அவன் கொண்டக்டர்,
சனிக்கிழமை மட்டும் டிக்கட் வாங்குபவன்.
இல்ஹாம் வருவதில்லை, நெத்தலி சீசன்.
முத்திரை தெளிவில்லை என்று
கொழும்பிலிருந்து படிவம் திரும்பி
ஒரு வருடம் இழந்தவள் நான்.
முப்பத்தொரு பேராகத் தொடங்கினோம்.

அன்றைய பாடம் சராசரி.
மாவட்டச் சராசரி அவ்வளவு மோசமில்லை என்றார் ஸேர்.
சம்பூர்க் குகமதி எழும்பினாள்.
மருத்துவமாது, இரவுக் கடமை முடித்து நேரே வந்தவள்,
கண் இரண்டும் சிவப்பு.
'ராத்திரி இரட்டைப் பிள்ளை, ஸேர்.
ஒன்று மூன்று கிலோ நூறு.
மற்றது ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்.
சராசரி இரண்டரைக் கிலோ.
ரெண்டும் சுகம் எண்டு எழுதி
வீட்டுக்கு அனுப்பிவிடட்டோ?'
ஸேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார்.
அந்த ஒற்றை விசிறி கிரீச்சிட்டபடி சுற்றியது.

இரவில் மகனும் நானும் ஒரே மேசை.
அவனுக்குச் சாதாரண தரம், எனக்கு இரண்டாம் வருடம்.
'இன்னும் எத்தனை வருசம் உம்மா?'
உனக்கு முந்தி முடிப்பேன் என்றேன்.
சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது.
இருவரும் எழும்பவில்லை.

திங்கட்கிழமை தாளில்
புதிதாய் ஒரு நிரல் சேர்த்தேன்:
படித்துக்கொண்டிருப்போர்.
உத்தியோகத்தர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
'கொழும்பு அனுப்பின படிவத்தில் இது இல்லையே, தங்கச்சி.
எடுத்துவிடுங்கோ.'
நல்ல மனிதர். அவர் மகள் பேராதனையில்.

நான் எடுக்கவில்லை.
மறைத்து வைத்தேன்.
நான்காம் நிரலுக்கு அடுத்தது ஆறு,
நடுவில் மெல்லிய இரட்டைக் கோடு,
தெரிந்தவருக்குத்தான் தெரியும்.
அதற்குள் பன்னிரண்டு பேர்.
வெருகலுக்கு நேரே,
ஒன்று.